டிராப் பார் பொருத்திய மவுண்டன் பைக்: மூன்று ஆண்டுகள், நான்கு கேபிள்கள்

சென்ற வாரம் என் சைக்கிளின் கியர் கேபிள் நான்காவது முறையாக அறுந்தது. அதே வாரத்தில்தான் நண்பர் ஒருவர், தம்மிடம் ஓட்டப்படாமல் கிடக்கும் கிராஸ் கன்ட்ரி மவுண்டன் பைக்கில் டிராப் பார், அதாவது சாலைப் பந்தய சைக்கிள்களில் இருப்பதுபோல இரு முனையும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், பொருத்தலாமா என்று கேட்டிருந்தார். அறுந்த இழை குத்திய விரலோடு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தது தவறு என்பது எழுதி முடித்த பிறகே உறைத்தது. அதை அனுப்பாமல் கிழித்துவிட்டு, நிதானமாக இதை எழுதுகிறேன். அந்த நிதானம் எத்தனை பத்திகள் தாங்கும் என்று எனக்கே உறுதியில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 29 அங்குலச் சக்கரங்கள், முன்னால் 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத அலுமினிய ஃப்ரேம், மிதியருகே 32 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 11 முதல் 46 பற்கள் வரையிலான 11 அடுக்கு கேசட் (பல்சக்கரத் தொகுதி). மவுண்டன் பைக் ஃப்ரேம்கள் இப்போது குட்டையான ஸ்டெம்மையும் (பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) அகலமான நேர் பாரையும் மனத்தில் வைத்தே நீளமாக வரையப்படுகின்றன. டிராப் பாரின் பிரேக் பிடிகளோ பாரின் குறுக்குப் பகுதியிலிருந்து இன்னும் முன்னே தள்ளி நிற்பவை. எனவே இருக்கிற வண்டியில் பாரை மட்டும் மாற்றினால், உட்கார்ந்து ஓட்டுவதற்குப் பதிலாகப் படுத்து ஓட்ட வேண்டிவரும். நான் என் உயரத்துக்கு உரியதைவிட ஓர் அளவு சிறிய ஃப்ரேமை எடுத்து, மேல்நோக்கிச் சரிந்த 35 மி.மீ. ஸ்டெம்மைப் பொருத்தினேன். முதல் முயற்சியிலேயே எனக்குச் சரியாக அமைந்தது இது ஒன்றுதான்.

பாரின் உயரத்தைப் பொறுத்தவரை ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்: நேர் பாரில் என் கைகள் எந்த உயரத்தில் இருந்தனவோ, அதே உயரத்தில் டிராப் பாரின் கீழ்ப்பிடி இருக்க வேண்டும். இதன் விலை, மேல்பிடியில் கை வைத்தால் எதிர்காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார வேண்டியிருப்பது. பலன், இறக்கங்களில் தெரிகிறது. நேர் பாரில், சக்கரம் கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை துள்ளும். விரல்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் கை விலகாமல் இருக்கும், அந்த இறுக்கமே அரை மணி நேரத்தில் முழங்கை வரை வலியாக ஏறும். வெளிப்புறமாக 25 பாகை விரிந்த டிராப் பாரின் கீழ்ப்பிடியில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை பாரின் வளைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சரிவில் உடல் முன்னே தள்ளப்படும்போது கை அந்த வளைவிலேயே மேலும் பதிகிறது. நான் பாரைப் பிடிப்பதில்லை, பார்தான் என் கையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். பிரேக் பிடியின் கீழ்நுனி ஒற்றை விரலுக்கு எட்டுகிறது. நெம்பும் பலம் அதிகமாகக் கிடைக்கும் இடமும் அதுவேயாதலால், அந்த ஒரு விரலே போதுமானதாக இருக்கிறது. இப்படி ஒரு சுகத்தை நான் எதிர்பார்த்து இதைக் கட்டவில்லை. நீண்ட சமதரைப் பயணங்களில் மணிக்கட்டு மரத்துப்போகாமல் இருந்தால் போதும் என்றுதான் கட்டினேன். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக மவுண்டன் பைக் போட்டியில் ஜான் டோமாக் டிராப் பாருடன் இறங்கியதை, சாலைப் பந்தயங்களிலும் ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் பழக்கதோஷம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். முதல் நீண்ட இறக்கத்துக்குப் பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

குறையும் உண்டு. பார் குறுகலானதால், செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக வளையும்போது முன்சக்கரத்தைத் திருப்ப நேர் பாரில் கிடைத்த நெம்புபலம் கிடைப்பதில்லை. அது பழகிவிட்டது.

பழகாதது கேபிள். நேர் பாரின் பிடிப்பகுதி 22.2 மி.மீ. தடிமன், டிராப் பாரினுடையது 23.8 மி.மீ.; ஆகவே பழைய பிரேக் பிடிகளையும் கியர் மாற்றியையும் இதில் ஏற்ற முடியாது, பிரேக்கும் கியர் மாற்றியும் ஒன்றாக அமைந்த, சாலை சைக்கிளுக்குரிய பிடிகளையே வாங்கியாக வேண்டும். பிரேக்கில் சிக்கல் வரவில்லை. என் சாலைப் பிடிகளின் ஹைட்ராலிக் எண்ணெயும் சக்கரத்தருகே பிரேக்கை அழுத்தும் மவுண்டன் பைக் காலிப்பரின் எண்ணெயும் ஒரே வகை என்பதால் இரண்டும் முணுமுணுக்காமல் ஒத்துப்போயின. கியரில்தான் பொருத்தம் கூடவில்லை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 9 அடுக்குக் காலம் வரை சாலைப் பிடியைக் கொண்டே மவுண்டன் பைக்கின் பின் டிரெய்லியரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) இயக்க முடிந்தது; 10 அடுக்கு வந்தபோது இரண்டின் இழுவைக் கணக்கும் பிரிந்துவிட்டன. 11 அடுக்கில், சாலைப் பிடி ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 2.7 மி.மீ. கேபிளை இழுக்கிறது, டிரெய்லியர் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 3.6 மி.மீ.

இந்த இடைவெளியை நிரப்பவென்று ஒரு சிறு கப்பி விற்கிறார்கள். பிடியிலிருந்து வரும் கேபிள் அதன் சிறிய பள்ளத்தில் சுற்றி, ஒரு துளை வழியாகப் பெரிய பள்ளத்துக்குத் தாவி வெளியேறுகிறது, உள்ளே 2.7 இழுத்தால் வெளியே 3.6 கிடைக்கிறது. புதிதாக இருக்கும்போது இது வேலை செய்யும் அழகை மறுக்க மாட்டேன். தொல்லை, அந்தத் துளையில் இருக்கிறது. 1.2 மி.மீ. தடிமனுள்ள, பல இழைகளை முறுக்கிச் செய்த கம்பியை ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அதே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ, அது ஆகிறது.

அது ஆகும் விதம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. முதலில், பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுவதில் செயின் சற்றே தயங்கும். கேபிள் நீண்டிருக்கிறது என்று எண்ணி, சரிசெய்யும் திருகை அரைச் சுற்று திருப்புவேன். உடனே எல்லாம் ஒழுங்காகிவிடும், நான் என் கைவண்ணத்தை மெச்சிக்கொள்வேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் தயக்கம், மறுபடியும் அரைச் சுற்று. உண்மையில் கேபிள் நீளவில்லை. கப்பிக்குள் இழைகள் ஒன்றொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன. முதல் கேபிள் அறுந்தது ஏழாம் மாதத்தில். அதற்கு என் தவறும் காரணம், வெளியுறையைக் குட்டையாக வெட்டியிருந்தேன். அடுத்த மூன்று முறையும் உறையின் நீளம் சரியாகவே இருந்தது.

கேபிள் அறுந்தால் டிரெய்லியரின் ஸ்பிரிங் செயினை 11 பல் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். முன்னால் 32, பின்னால் 11 என்ற கியரில் ஏற்றம் ஏறுவது சுவரை மிதிப்பது போன்றது. சென்ற வாரம் அப்படி நின்ற இடத்தில், டிரெய்லியரின் எல்லைத் திருகை முழுவதும் இறுக்கி, செயினை 15 பல் சக்கரம் வரை ஏற்றி நிறுத்தினேன். அதற்கு மேல் ஏற்ற, ஒரு சுள்ளியை ஒடித்து டிரெய்லியரின் மூட்டில் செருகினேன். நாலு மிதிக்குச் சுள்ளி தாங்கியது. மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். தோளில் இருந்த பையில் மாற்று டியூப், பம்ப், செயின் இணைப்பு எல்லாம் இருந்தன, கேபிள் மட்டும் இல்லை.

நண்பர் பிடிவாதமாகக் கட்டத்தான் போகிறார் என்றால், கப்பி வேண்டாம். டிராப் பார் பிடியும் டிரெய்லியரும் ஒன்றுக்கொன்று பொருந்தவே செய்யப்பட்ட, மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் அட்வென்ட் எக்ஸ் 10 அடுக்குத் தொகுதி இருக்கிறது. ஆனால் அதன் பிடிகள் கேபிள் பிரேக்குக்கானவை. ஸ்ராம் நிறுவனத்தின் ஏஎக்ஸ்எஸ் பிடிகள் கம்பியே இல்லாமல் ஈகிள் ஏஎக்ஸ்எஸ் டிரெய்லியரை இயக்கும். மடங்க அங்கே எதுவும் இல்லை, பேட்டரிக்கு மின்னேற்ற மறக்காமல் இருந்தால் போதும். நான் ஏன் மாறவில்லை என்று கேட்டால், நல்ல நிலையில் இருக்கும் பிடிகளைக் கழற்றி எறிய மனம் வரவில்லை என்பேன். நாலு கேபிள்களுக்குப் பிறகு அது நியாயமா வீம்பா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

அவர் கேட்ட கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அளவெடுக்கவும் பாகம் தேடவும் ஆகும் நாள்களில் அந்த நேர் பார் வண்டியை எத்தனையோ மலைகளில் ஓட்டிவிடலாம். இறக்கத்தைப் பற்றி மேலே எழுதியவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை, ஆனாலும் வேண்டாம்.

என் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா என்றும் கேட்டிருந்தார். புதுக் கேபிள் படிய இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாரத்தில் நான் மலைக்குப் போகிறேன்.