சுந்தரவனம்: கோட்காலி வழியா, குல்னா வழியா?

சுந்தரவன அலையாத்திக் காட்டை மூன்று நாள் படகில் சுற்ற இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மேற்கு வங்கத்தின் கோட்காலி படகுத்துறை. இன்னொன்று பங்களாதேஷில் குல்னா அல்லது மோங்லா. இரண்டு பக்கமும் போய்வந்தவன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் குல்னா கட்சி. அதற்காக எல்லாரும் அந்தப் பக்கம் ஓட வேண்டியதில்லை. யாருக்கு எது சரிப்படும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

செலவு, அலைச்சல் இரண்டிலும் இந்தியப் பக்கம்தான் ஜெயிக்கும், அதில் விவாதமே இல்லை. கொல்கத்தாவில் காலையில் கார் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் படகில் இருக்கலாம். சியால்தாவிலிருந்து கேனிங் வரை மின்சார ரயிலிலும் போகலாம். குல்னாவுக்கு விசா வேண்டும். கொல்கத்தாவிலிருந்து நேராகப் போய்க்கொண்டிருந்த பந்தன் எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையோடு நின்றுவிட்டது. டாக்காவுக்கு விமானத்தில் போய், பத்மா பாலம் வழியாகப் பேருந்தில் குல்னா போவது ஒரு வழி. 2022இல் அந்தப் பாலம் திறந்த பிறகு படகுத்துறையில் காத்துக்கிடக்கும் வேலை இல்லை. விசா நிலவரம் அடிக்கடி மாறுவதால் விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். வனத்துறைக் கட்டணத்திலும் அங்கே நாம் வெளிநாட்டவர்தான், உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதலாகவே கட்ட வேண்டும்.

காடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நீரும் நிலமுமாகச் சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பங்களாதேஷில் இருக்கிறது. ஆனால் பார்வைக்கு ஒன்று போல் இருக்காது. கங்கையின் நன்னீர் பல நூற்றாண்டுகளாகக் கிழக்கே நகர்ந்து கொண்டிருப்பதால் மேற்கில் உள்ள மாத்லா, பித்யாதரி போன்ற ஆறுகளுக்கு மேலிருந்து நல்ல தண்ணீர் வருவது நின்றே போய்விட்டது. அவற்றில் ஏறி இறங்குவது கடல்நீர்தான். உப்பு கூடக்கூட மரம் குட்டையாகிறது. காட்டுக்குப் பெயர் கொடுத்த சுந்தரி மரமே இந்தியப் பக்கம் குறைவு. கிழக்கே போனால் அதே மரம் நெடுநெடுவென்று நிற்கிறது. இரு பக்கமும் கரை ஓரத்தில் தில்லை மரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். பிச்சாவரத்திலும் சிதம்பரத்தின் பழைய பெயரிலும் இருக்கும் அதே தில்லைதான். அங்கே அதை கேவா என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தத் தேர்வில் மற்றதெல்லாம் சில்லறை. படகு இரவில் எங்கே நங்கூரம் போடுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தியப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு சுற்றுலாப் படகு காட்டுக்குள் இருக்கக் கூடாது. காலையில் சஜ்னேகாலியில் அனுமதிச் சீட்டு வாங்கி, வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பாகிராலயிலோ தயாபூரிலோ விடுதியில் தங்குவார்கள். படகிலேயே உறங்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்தப் படகும் ராத்திரி கிராமத்துப் பக்கம்தான் நிற்கும். குல்னாவிலிருந்து கிளம்பும் கப்பலோ (கப்பல் என்று பேர், இரண்டு மூன்று தளம் வைத்த பெரிய படகுதான்) காட்டின் தென்கோடியில் கோட்கா, கொச்சிகாலி பக்கம், கடல்வாய்க்கு அருகிலேயே நங்கூரம் போடும். துப்பாக்கியோடு வனக்காவலர்கள் கூடவே வருவார்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் ஓதத்தில் இருக்கிறது. இந்தக் காட்டில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் நீர் ஏறி இறங்குகிறது. வற்றும்போதுதான் சேற்றுக்கரை வெளியே தெரியும். முதலை வெயில் காய வருவதும், சேற்றுத்தத்தி மீன்கள் துள்ளுவதும், ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் நண்டுகள் வளையைவிட்டு வருவதும், மான் கரைக்கு இறங்குவதும் அப்போதுதான். நீர் ஏறிவிட்டால் இலைநுனிவரை தண்ணீர் நிற்கும். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், நடுவில் பழுப்பு நீர், அவ்வளவுதான் காட்சி. ஏற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு: வற்றத்தில் தரைதட்டும் ஒடுங்கிய ஓடைகளுக்குள் படகு போக முடியும். ஆகவே இரண்டும் வேண்டும், அதுவும் வெயில் ஏறாத நேரத்தில் வேண்டும்.

இந்த ஓதம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் இடம் மாறிவிடும். இந்தியப் பக்கம் காட்டுக்குள் நமக்குக் கிடைப்பது பகல்பொழுது மட்டும். வற்றம் விடியற்காலையிலும் அந்தியிலும் விழும் வாரத்தில் போனால், நடுப்பகல் முழுக்க நிறைநீரில் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பஞ்சமுகானியில் ஐந்து நீர்வழிகள் கூடும் அகலத்தைப் பார்த்து வாய்பிளக்கலாம், கரையில் ஒரு ஜீவனும் இருக்காது. நல்ல படகோட்டி, நல்ல வழிகாட்டி எல்லாம் இருந்தும் கையில் எதுவும் சிக்காமல் சிலர் திரும்புவதற்கு இதுவே காரணம். அவர்களோ காட்டைக் குறை சொல்வார்கள்.

காட்டுக்குள்ளேயே நிற்கும் கப்பலுக்கு இந்தக் கவலை பாதிதான். எந்த ஓதமாக இருந்தாலும் விடியற்காலை நம்முடையது. கோட்காவில் இருள் பிரிவதற்கு முன் எழுப்பிவிட்டுச் சின்ன நாட்டுப்படகில் ஏற்றிவிடுவார்கள். ஓடைக்குள் நுழைந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்புதான். நான் போனபோது வற்றம். மூச்சுவேர்கள் ஆணி அடித்து வைத்தது மாதிரி சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சேறு தானாகவே சட் சட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. கரையில் கியோரா மரத்தின் மேல் குரங்குக் கூட்டம். அவை தின்னும் வேகத்தில் பாதி இலை கீழே விழ, புள்ளிமான்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அடியில் காத்திருந்தன. ஒரு குரங்கு கிளையை முறித்துப் போட்டதும் நாலைந்து மான்கள் முட்டி மோதிக்கொண்டன. படகு ஒரு தென்னை மர தூரத்தில் நின்றும் எதுவும் ஓடவில்லை. எட்டு மணிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிப் போயிருந்தால் இதெல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொன்று, நடை. இந்தியப் பக்கம் காட்டுத் தரையில் கால் வைக்க விடமாட்டார்கள். சுதன்யகாலி, தோபாங்கி போன்ற இடங்களில் வலை போட்ட வளாகத்துக்குள் காவல் கோபுரம் ஏறிப் பார்க்கலாம், தோபாங்கியில் வலைக்கூண்டு மேம்பாதையில் நடக்கலாம். கூண்டுக்குள் நாம், வெளியே புலி. கோட்காவில் வனக்காவலர் முன்னும் பின்னும் வர, புல்வெளியைக் கடந்து ஜாம்தலா கடற்கரை வரை நடக்கலாம். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் கோட்காலி பக்கமே போங்கள். இந்தியப் பக்கம் சுமார் நூறு புலிகள், பங்களாதேஷில் 2024இல் வெளியான கணக்குப்படி 125. காட்டின் பரப்போடு சேர்த்துப் பார்த்தால் இந்தியப் பக்கம்தான் அடர்த்தி. காவல் கோபுரங்களுக்கு எதிரே வெட்டிய நன்னீர்க் குட்டைகளுக்குத் தண்ணீர் குடிக்கவும் வரும். எனக்கு இரண்டு பக்கமும் கால்தடம் மட்டுமே வாய்த்தது. அதனால் இந்த விஷயத்தில் என் சொல்லுக்குப் பெரிய எடை கொடுக்க வேண்டாம்.

மனிதர்களைப் பார்க்கவும் இந்தியப் பக்கம்தான். குல்னா கப்பலில் ஏறினால் மாலுமிகளையும் காவலர்களையும் மீனவர் படகுகளையும் தவிர வேறு முகம் தெரியாது. இந்தியப் பக்கம் கோசாபாவில் இறங்கினால் ஸ்காட்லாந்திலிருந்து வந்து 1903இல் இங்கே நிலம் வாங்கிக் கூட்டுறவு நடத்திய டேனியல் ஹாமில்டனின் மர பங்களா இருக்கிறது. 1936இல் தன் பண்ணைக்கென்று ஒரு ரூபாய் நோட்டே அடித்தவர் அவர். இரவில் விடுதிகளில் பொன்பீபி கூத்து நடக்கும். தேனெடுக்கவும் மீன்பிடிக்கவும் காட்டுக்குள் போகும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிடும் தெய்வம் அவள். கரைகளைப் பார்த்தால் 2009 ஐலா புயலும் 2020 ஆம்பன் புயலும் எங்கே உடைத்தன என்று ஊர்க்காரர்களே காட்டுவார்கள். இதையெல்லாம் குல்னா வழியில் நான் இழந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயதானவர்களோடு போவதாக இருந்தாலும் விடுதிதான் நல்லது. கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு இறங்குவது ஒவ்வொரு தடவையும் ஒரு வித்தைதான். வற்றத்தில் கோட்கா படகுத்துறையின் கீழ்ப்படிகளில் சேறு வெண்ணெய் போலப் படிந்திருக்கும். தொட்டித் தண்ணீர் அளவானது என்பதால் குளிப்பதும் கணக்காகத்தான். சாப்பாடு இரு பக்கமும் சோறும் மீனும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

நான் போனதெல்லாம் குளிர்காலத்தில். மழைக்காலத்துக் காடு எப்படியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பங்களாதேஷ் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடியே இருக்கும்.

கோட்காலி என்று முடிவு செய்தால், தேதி குறிக்கும் முன் படகுக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த வாரம் வற்றம் எத்தனை மணிக்கு? காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் என்றால் உடனே பதிவு செய்யலாம். அந்த வாரம் நழுவிவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய அதே நேரத்துக்கு வரும். டிசம்பர் கடைசியையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள், ஒலிபெருக்கியோடு பிக்னிக் கூட்டம் வரும். குல்னா என்றால் மேல்தளத்தில், ஜெனரேட்டருக்கு எதிர்முனையில் அறை கேளுங்கள். அப்புறம், கோட்கா ஓடைக்குள் போகும் விடியற்காலைப் படகு உண்டா, துடுப்பா இன்ஜினா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில கப்பல்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இன்ஜினோடே போய்வந்துவிடுகின்றன.