பாத் சால்ட்ஸ் பாக்கெட்: அரை ஸ்டார் கூட தர மாட்டேன்

2010, 11ல அமெரிக்காவுல பெட்ரோல் பங்க் கடையிலயே வித்தாங்க இந்த போதைப்பொருளை, பாக்கெட் மேல குளியல் உப்புன்னு பேரு, கூடவே சாப்பிடறதுக்கு இல்லன்னு ஒரு வரி, சட்டத்துல இருந்து தப்பிக்கத்தான் அது. உள்ள நிஜமா என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு வாங்குறவனுக்குத் தெரியவே தெரியாது. நிறைய பாக்கெட்ல இருந்தது எம்டிபிவிங்கிற செயற்கை போதைப்பொருள். மூளையில சேதி கடத்துற டோபமைன், நார்அட்ரினலின்ங்கிற ரசாயனங்கள் வேலைய முடிச்சிட்டு செல்லுக்குள்ள திரும்பப் போகணும்ல, அந்த வழிய இது அடைச்சிடுது, கொக்கெய்னும் அதே வேலைதான் ஆனா இது பல மடங்கு வீரியம், சில மில்லிகிராம் கூடினாலே போச்சு. தூக்கம் போயிடும், யாரோ துரத்துறாங்கன்னு பயம், உடம்பு கொதிச்சு தசை சிதைஞ்சு கடைசியில கிட்னி வரைக்கும் அடி. இதை முறிக்கிற மருந்து கிடையாது, பென்சோடயாசிபைன்ங்கிற அமைதிப்படுத்துற மருந்தைக் குடுத்து உடம்பைக் குளிர வைப்பாங்க, அதனால யாருக்காவது இப்படி ஆனா மறைக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க ப்ளீஸ். 2012ல அமெரிக்காவோட மயாமியில ஒருத்தன் இன்னொருத்தர் முகத்தைக் கடிச்ச கேஸ்ல இதுதான் காரணம்னு டிவியில சொன்னாங்க, டெஸ்ட்ல இது வரவே இல்ல, ஆனா பொய் சேர்க்காமயே இது போதுமான அளவு பயங்கரம். 2011 அக்டோபர்லயே அமெரிக்காவுல எம்டிபிவிக்குத் தடை வந்துச்சு, உடனே அதோட மூலக்கூறுல ஒரு பகுதிய மட்டும் கழட்டின மாதிரி ஆல்ஃபா பிவிபின்னு இன்னொரு போதைப்பொருள் கிளம்பிடுச்சு.