மூலத்துக்கு என்று சொல்லி வாங்கிய மெத்தை

திருப்பூரில் பைக் சீட் தைக்கிற ஒரு சின்னக் கடையில், உட்காருவதற்கு ஒரு மெத்தை செய்து வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. விலை 680 ரூபாய். உண்மையில் எதற்காக வாங்கினேன் என்று கடைக்காரரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஸ்டூல்தான். இரண்டு வருடமாகப் பிறப்புறுப்பின் வெளிப்பக்கம், மிளகாய் அரைத்த கை பட்டுவிட்ட மாதிரி எரிச்சல். புண் இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை. பூஞ்சைக்கென்று மூன்று தடவை மாத்திரை தின்றேன். கடைசியில் கோவையில் ஒரு டாக்டரம்மா, பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நரம்பு வலி என்றார். வேறு காரணம் அகப்படாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு வல்வோடினியா என்று பெயராம். எனக்கு அந்தப் பக்கம் ஓடும் புடெண்டல் நரம்பும் உட்காரும்போது அழுந்துகிறது என்றார். நின்றால் தேவலை, கக்கூஸ் சீட்டில் உட்கார்ந்தால்கூட வலி குறைகிறது என்று கூச்சத்தோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தாளில் எழுதிக்கொண்டார். "நடுவுல எதுவும் அழுத்தாத மாதிரி உட்காரும்மா." இரவுக்கு நரம்பு வலி மாத்திரை, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். காலையில் வாய் உலர்ந்து கிடக்கும், அது வேறு கதை.

முதலில் ஆன்லைனில் வட்ட வளையம் வாங்கினேன். வீண். வளையத்தின் விளிம்பு சரியாக வலிக்கிற இடத்திலேயே ஏறி உட்கார்ந்தது. அடுத்து வால் எலும்புக்கென்று விற்கிற யு வடிவ மெத்தை. அதில் வெட்டு பின்பக்கம் இருக்கும். அதை அப்படியே திருப்பி, வெட்டு முன்னால் வருகிற மாதிரி போட்டதும் அரைமணி நேரம் நிம்மதியாகத் தைத்தேன். ஆனால் பஞ்சு இரண்டே மாதத்தில் அப்பளமாகிவிட்டது.

அதன் பிறகுதான் இந்தக் கடை. செய்தித்தாளில் வெட்டிய அளவைக் கொடுத்தேன். 16 அங்குலத்துக்கு 15, நடுவில் முன்பக்கம் திறந்த பள்ளம், அகலம் நாலு அங்குலம். கடைக்கார அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, மூலமுங்களா?"

"ஆமாங்ண்ணா."

மூலத்துக்கு இருக்கிற மரியாதை என் வலிக்கு இல்லை, என்ன செய்வது. அவர் வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறதாம். கருணைக்கிழங்கு வாரம் இரண்டு நாள் சேர்க்கச் சொன்னார்.

வேலை சுத்தம். அடியில் ஓர் அங்குலம் ரீபாண்ட், அதாவது துண்டு ஃபோமை அழுத்திச் செய்த கெட்டிப் பஞ்சு; மேலே இரண்டு அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் தாங்குகிறது, நடு இடம் அந்தரத்தில் நிற்கிறது. ஐந்து மாதத்தில் கொஞ்சமும் அமுங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வேண்டாம் என்று சொல்லியும் பள்ளத்தின் ஓரத்தில் உள்ளே கயிறு வைத்துத் தைக்கிற பைப்பிங் ஓட்டிவிட்டார். அந்தக் கயிறு மேட்டில் உட்கார்ந்த முதல் நாளே கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மேலுறை ரெக்சின் வேறு. சித்திரை வெயிலில் ரெக்சினும் வேர்வையும் சேர்ந்தால் எரிச்சலைக் கேட்கவே வேண்டாம். பிரித்துப் போட்டுவிட்டு, கம்பெனியில் மிஞ்சிய காட்டன் இன்டர்லாக் துணியில் நானே உறை தைத்தேன். தையல் முழுக்க அடிப்பக்கம் வருகிற மாதிரி. நீங்கள் சொல்லித் தைப்பதானால் இந்த இரண்டையும் நேரில் நின்று பாருங்கள்.

வலி போய்விட்டதா என்றால் இல்லை. முன்பு பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன், இப்போது முக்கால் மணி நேரம் தாங்குகிறது. பீஸ் கட்டு எடுக்கிற சாக்கில் எழுந்து நடந்துவிட்டு வருவேன். அவிநாசி டவுன் பஸ்ஸில் மட்டும் மெத்தையும் உதவாது. வேகத்தடை வரும்போது கம்பியைப் பிடித்து நிற்பதுதான் உத்தமம். கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வழுக்குகிறது, கீழே ஒரு துண்டு விரிக்க வேண்டும்.

போன வாரம் வீட்டுக்கு இன்னொன்று சொல்லப் போனேன். பைப்பிங் வேண்டாம் என்றதும் தலையாட்டினார்.

"கிழங்கு சாப்பிட்டீங்களா அம்மிணி?"

"சாப்பிட்டனுங்ண்ணா. இப்ப பரவாயில்லீங்."

இந்தத் தடவை 50 ரூபாய் குறைத்துக்கொண்டார்.