மலைக்கும் விமானத்துக்கும் ஒரே மடக்கு சைக்கிள்: 16 அங்குலமா, 20 அங்குலமா?

விமானப் பணியில் இருப்பவர்கள் மடக்கு சைக்கிள் வாங்க நினைத்ததும் முதலில் எடையைத்தான் விசாரிக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியும் "அக்கா, எத்தனை கிலோ இருந்தா நல்லது?" என்றுதான் தொடங்கினார். குன்னூர் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே 16, 20 அங்குலச் சக்கரம் கொண்ட இரண்டு வகைச் சைக்கிள்களையும் சுமந்து பழகிய நான், "முதல்ல டேப் வெச்சு அளந்து பாருங்க தம்பி, கிலோவை அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

அளவு ஏன் முந்துகிறது என்றால், எங்கள் பெட்டிகள் பல நிலையங்களில் எங்களோடேயே பாதுகாப்புச் சோதனையைக் கடக்கின்றன. கைப்பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே எந்திரங்களில் பரவலாக இருக்கும் வகையின் வாய் ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டது. 16 அங்குலச் சக்கரம் கொண்ட பிராம்டன் மடக்கிய நிலையில் 64.5, 58.5, 27 செ.மீ. இருக்கும், படுக்க வைத்தால் 58.5 அகலவாக்கிலும் 27 உயரவாக்கிலும் அமைந்து, பையோடு சேர்த்து ஒட்டினாற்போல் உள்ளே போய்விடும். 20 அங்குலச் சக்கரம் கொண்ட டாஹோன், டெர்ன் வண்டிகள் பெரும்பாலும் 80, 65, 35 செ.மீ. அளவில் மடங்குவதால், எப்படித் திருப்பி வைத்தாலும் அந்த வாயில் நுழையாமல், பெரிய பெட்டிகளைச் சோதிக்கும் எந்திரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பணிக்கு ஆஜராகும் நேரம் நெருங்கும்போது அந்தக் கூடுதல் நடை சிறிய விஷயம் அல்ல.

சரக்கறைக் கணக்கிலும் இதே வேறுபாடு நிற்கிறது. நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு. பிராம்டன் 150-இல் அடங்குகிறது, 20 அங்குல வண்டியோ 180-ஐத் தொடுகிறது. நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 55, 35, 25 செ.மீ. அளவுக்குள் இரண்டுமே வராது என்பதால், சீருடை அணிந்திருக்கிறோம் என்பதற்காகத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் ஏற்றப் பார்ப்பது முறையல்ல. அவரவர் நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுவதே சரி.

சோதனைத் திரையில் உலோகம் நீலமாகவும், ரப்பர், துணி போன்றவை ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். மடக்கிய சைக்கிளில் எஃகுக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கருநீலத் திட்டாகிவிடுவதால், பாதுகாப்பு வீரர் அதைத் திறந்து பார்க்கச் சொல்வது அவருடைய கடமை. இதனாலேயே கடினப் பெட்டியைவிட மேற்புறம் முழுதும் ஜிப் வைத்த துணிப்பையை விரும்புகிறேன். ஒரே இழுப்பில் வண்டி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வேறொன்றும் தெரியவரும்: பிராம்டனில் எண்ணெய் படிந்த செயின் இரு சக்கரங்களுக்கும் நடுவே மறைந்துகொள்கிறது, பாதியாக மடங்கும் டாஹோனிலோ வெளிப்புறம் நிற்கிறது. வெளிர்நிறச் சட்டைக் கையில் ஒருமுறை அந்தக் கறை பட்டு, மாற்றுச் சட்டை இல்லாமல் நான் தவித்தது உண்டு.

கருவிகள் விஷயத்தில் இரு வண்டிகளுக்கும் ஒரே விதிதான். சைக்கிள் பையின் ஓரத்தில் மறந்துபோன, போல்ட் திருகும் ஆலன் கீ கொத்தை ஒரு விமான நிலையத்தில் இழந்த பிறகு, ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டுமே வைக்கிறேன். டயருக்குக் காற்றடிக்கும் கரியமில வாயுக் குப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கைப்பம்பு எடுத்துச் செல்வது நல்லது. மலை ஏற்றத்தை நினைத்து மின்சார வண்டி மேல் ஆசை வரும். ஆனால் 160 வாட்-மணி (Wh, பேட்டரியின் கொள்ளளவு) தாண்டிய லித்தியம் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறவே முடியாது, பிராம்டன் மின்வண்டியின் பேட்டரியோ 300 வாட்-மணி அல்லது அதற்கு மேல்.

டயர் வெடித்துவிடும் என்ற பயம் நம் ஊர்க்காரர்களுக்கு வேண்டாம். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,440 மீட்டர் உயரத்துக்குச் சமமாகவே குறைகிறது. தொட்டபெட்டா அதைவிட உயரம், 2,637 மீட்டர். ஆனாலும் விமான நிறுவனம் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள்.

மலைச் சாலைக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. குன்னூரிலிருந்து மலையடிவாரக் கல்லாறு வரை பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது, சின்ன ரிம்மில் உலோகம் குறைவு என்பதால் அது விரைவாகச் சூடேறுகிறது. வழியில் பர்லியாறில் நிறுத்தி ரிம் அருகே கையை நீட்டினால், தொடாமலேயே அனல் தெரியும். 20 அங்குல வண்டி அதே இறக்கத்தில் குழிகளையும் நிதானமாகத் தாண்டுகிறது. டிஸ்க் பிரேக் வைத்த மாதிரியும் அதில் கிடைக்கும். பெரும்பாலான 20 அங்குல வண்டிகளின் டியூப் நம் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே இருக்கும். பிராம்டனின் டியூபும் டயரும் தனி அளவு என்பதால் உபரி ஒன்றைக் கையிருப்பில் வைத்தே ஆக வேண்டும். விலையிலும் 20 அங்குலத்துக்கே சாதகம், அதுவும் பல மடங்கு.

எட்டு அங்குலச் சக்கரம் கொண்ட கேரிமீ, 91 செ.மீ. தடிபோல ஒல்லியாக மடங்கி எந்த எந்திரத்திலும் எளிதாக நுழையும். ஆனால் மழைக்காலம் முடிந்த நீலகிரிச் சாலையில் அந்தச் சக்கரத்தை நம்பி இறங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளியூரில் இரவு தங்கும் நாட்களில் ஓட்டத்தான் சைக்கிள் என்றால், தயங்காமல் 16 அங்குலமே வாங்குங்கள். இரண்டு கியர் போதாது, ஆறு கியர் எடுங்கள், விடுப்பில் ஊருக்கு வரும்போது குன்னூர் பெட்ஃபோர்ட் ஏற்றத்துக்கு அது தேவைப்படும். விடுப்பில் மட்டும் ஓட்டுபவருக்கு விமானத்தில் சுமப்பதே வீண் வேலை. தம்பி இரண்டாவது வகை என்பது பேச்சில் தெரிந்தது. கோத்தகிரி வீட்டில் 20 அங்குல வண்டி ஒன்றை வாங்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுப்பில் கோவைக்குப் போய் இரண்டு மாதிரிகளை ஓட்டிப் பார்க்கப் போகிறார்.