பினாங்கு அவசரப் பிரிவில் காயப் பதிவேடு: ஒரு தாதியின் மதிப்பீடு

பினாங்கில் நான் பணிபுரியும் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், காயப் பதிவேட்டை இரண்டு ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். ஒருவர் எப்போது அடிபட்டார், ஆம்புலன்ஸ் எப்போது போய்ச் சேர்ந்தது, வந்தபோது இரத்த அழுத்தமும் நினைவுநிலையும் எப்படி இருந்தன, ஸ்கேன் எப்போது எடுக்கப்பட்டது, இறுதியில் என்ன ஆனார் என்பவற்றை ஒரே கோப்பில் சேர்க்கும் கணினிப் பதிவேடு இது.

இதன் தலையாய பயன் காயத்தின் கடுமையை எண்ணாக்கித் தருவதுதான். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிகக் கடுமையாக அடிபட்ட மூன்று பகுதிகளின் மதிப்பெண்களை வர்க்கப்படுத்திக் கூட்டும் முறை 1974-இல் வெளிவந்தது. உச்ச அளவு 75, 15-ஐத் தாண்டினால் பெருங்காயம். இதனுடன் வயது, மூச்சு வேகம், இரத்த அழுத்தம், நினைவுநிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, பிழைக்க வாய்ப்பிருந்தும் இறந்தவர்களைப் பதிவேடு தனியே எடுத்துக் காட்டுகிறது. அவ்வாறு வந்த ஒரு மோட்டார் சைக்கிளோட்டியின் நேரக் குறிப்புகளைப் பார்த்தபோதுதான், வயிற்றில் கசிந்த இரத்தம் கண்டறியப்படாமல் அவர் ஸ்கேனுக்காகக் காத்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. இப்போது படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் முதலில் பார்க்கிறோம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதால், இந்த ஒரு மாற்றத்தை நான் மிகப் பெரிதாகவே மதிக்கிறேன்.

குறை, அடிபட்ட நேரத்திற்கான கட்டத்தில் இருக்கிறது. இரத்தப்போக்கைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை அடிபட்ட மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பலன் என்று, 2010-இல் வெளியான பெரிய ஆய்வின் தரவை மேலும் அலசி 2011-இல் வந்த கட்டுரை காட்டியது. அதற்குப் பிந்தினால் தீங்கும் நேரலாம். அவ்வளவு முக்கியமான கட்டம்தான் அடிக்கடி வெறுமையாகக் கிடக்கிறது. வழிப்போக்கர் காரில் ஏற்றி வந்து இறக்கிவிட்டால் ஆம்புலன்ஸ் குறிப்பே இராது. ஒரு தாயார் என்னிடம், "கோயில்ல சாயரட்சை மணி அடிக்கிறப்பத்தான் மிஸ்ஸி, பிள்ளை விழுந்தான்" என்றார். அது தெளிவான, நம்பத்தக்க நேரம்; ஆனால் எங்கள் கணினி இலக்கங்களை மட்டுமே ஏற்கும், 'சுமார்' என்று குறிக்க இடமே தராது. கோயிலில் மணி அடிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து 6:30 என்று பதிந்தேன்.

சம்பவ இடத்திலேயே இறந்தவர்கள் இந்தப் பதிவேட்டில் வருவதில்லை என்பதையும் படிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் தாதியரே பணி முடிந்தபின் களைப்போடு நிரப்பும் நிலையில் தரவு பழுதாகும். ஆகவே இதை நிறுவ விரும்பும் மருத்துவமனை, பதிவுக்கென்றே ஒரு முழுநேரப் பணியிடத்தை முதலில் கேட்டுப் பெற வேண்டும்.