காற்று மாசை அளக்க: நிலையமா, குழாயா, லைக்கனா?

பிரியாணிக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒட்டி ஒரே உடலாக வாழும் உயிர். வேர் கிடையாது, இலைகளுக்கு மேல் இருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. தண்ணீரும் சத்தும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் வர வேண்டும். கூடவே நஞ்சும் வந்துவிடும். பாரிஸில் லக்சம்பர்க் பூங்காவில் காணப்படும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, அதற்குக் காற்றுதான் காரணம் என்று தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் 1866-லேயே எழுதினார். ஆனால் இன்று கருவிகள் வந்துவிட்டன. அப்புறம் லைக்கன் எதற்கு?

முதலில் கருவிகள். அரசின் கண்காணிப்பு நிலையம் ஒவ்வொரு மணிக்கும் எண் தரும். வழக்குப் போட்டால் செல்லுபடியாகும் எண்ணும் அதுதான். ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். அதனால் ஒரு பெரிய நகரத்துக்கே சில நிலையங்கள்தான் கிடைக்கும். உங்கள் தெரு எப்படி என்று அந்த எண் சொல்லாது.

லண்டன் விளக்குக் கம்பங்களில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும். மூடிக்குள் ரசாயனம் தோய்த்த சிறு கம்பி வலை இருக்கும். அது நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மலிவு, மின்சாரம் வேண்டாம், நூறு கம்பங்களில் கட்டலாம். கிடைப்பது அந்த மாதத்தின் சராசரி மட்டும். காலை எட்டு மணி நெரிசலில் என்ன நடந்தது என்பது தெரியாது. வீட்டில் மாட்டும் சிறு லேசர் சென்சாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். ஈரப்பதம் கூடினால் தூசியை மிகைப்படுத்திக் காட்டும்.

இனி லைக்கன். 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற லைக்கன் ஆய்வாளர்கள் இருவரும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் அளவுகோல் வகுத்தார்கள். மரப்பட்டையில் எந்த இனங்கள் இருக்கின்றன என்று பார்த்தால் குளிர்காலக் கந்தக டை ஆக்சைடு தோராயமாக எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தாடி போலத் தொங்கும் அஸ்னியா இருந்தால் காற்று சுத்தம். லெகனோரா கோனிசயாய்டிஸ் என்ற சாம்பல்பச்சைப் படலம் மட்டும் இருந்தால் நிலைமை மோசம். ஒரு கைலென்ஸ் போதும், மின்சாரமே வேண்டாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் நிலக்கரிப் புகை குறைந்தது, கந்தகம் சரிந்தது. லைக்கன்கள் லண்டனுக்குத் திரும்பின, ஆனால் அளவுகோலின் வரிசைப்படி அல்ல. நடுவில் உள்ள படிகளைத் தாண்டிக் குதித்து, மாசு தாங்காத சில இனங்கள் முந்திக்கொண்டன. மாசில் செழித்த லெகனோராவோ அருகிப்போனது. இன்று அங்கே மரங்களில் மஞ்சளாகப் பளிச்சிடும் சாந்தோரியா தெரிந்தால் அது நல்ல சகுனம் இல்லை. நைட்ரஜன் அதிகம் என்று அர்த்தம், வண்டிப் புகையிலிருந்தோ பண்ணை அமோனியாவிலிருந்தோ. ஆக, பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு இன்றைய மரத்தைப் படித்தால் தப்பாகத்தான் வரும். லைக்கன் வளர்வதும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். நேற்றைய காற்றைப் பற்றி அதனிடம் கேட்பதில் பயனில்லை. பல ஆண்டுகளின் கூட்டுக்கணக்கைத்தான் சொல்லும்.

என் கணக்கில், லைக்கனையும், மரத்தில் பச்சையாகப் படரும் மாஸையும் கருவிக்கு மாற்றாக நிறுத்துவது வீண். கருவியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க அவற்றை விட மலிவான வழி இல்லை. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்தது இதுதான். 2013-ல் வனத்துறை ஆய்வாளர்கள் நகர மரங்களிலிருந்து மாஸை 346 இடங்களில் எடுத்து, அதில் உள்ள உலோகங்களை அளந்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் இரண்டு ஆலைகளைச் சுற்றிக் காட்மியம் என்ற நச்சு உலோகம் குவிந்திருந்தது. அதன் பிறகுதான் ஓர் ஆலைக்கு அருகே காற்றுமானி வைத்தார்கள். மாநிலம் வகுத்த பாதுகாப்பு அளவைப் போல 49 மடங்கு காட்மியம் பதிவானது. மாஸ் ‘இங்கே பார்’ என்றது, எவ்வளவு என்று கருவி சொன்னது. நம் பக்கத்திலும், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் பரவியதைப் பார்க்க லைக்கனையும் மாஸையும் அலசியிருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்த் தெருக்களில் இதைச் செய்ய முடியுமா? இங்கிலாந்துப் பட்டியலை அப்படியே கொண்டுவந்தால் நடக்காது; இனங்களே வேறு. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், மாசைத் தாங்கி வட இந்திய நகரங்களிலும் வாழும் பிக்சைன் கோகோஸ் என்ற இனத்தை எடுத்து உலோகங்களை அளக்கிறார்கள். அது நல்ல தொடக்கம். பட்டையும் முக்கியம், வேம்பையும் மாமரத்தையும் கலந்து எண்ணினால் காற்றின் வேறுபாடா, பட்டையின் வேறுபாடா என்று பிரிக்க முடியாது. இன்னொரு சங்கடம், நெடுஞ்சாலை ஓரப் புளியமரங்களுக்கு நாம் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடிப்பது. லைக்கன் கணக்கெடுப்பவர்கள் பார்ப்பது ஏறக்குறைய அதே உயரத்தைத்தான். ஆகவே கல்லூரி வளாகம், கல்லறைத் தோட்டம், பழைய பூங்கா என்று பெயின்ட் படாத ஒரே வகை மரங்களாகத் தேடிப் போக வேண்டியிருக்கும்.