சால்வையா, கடிதமா?

செப்டம்பர் 5 நெருங்கினால் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். கொடைக்கானலில் நாங்கள் தங்கிப் படித்த சின்னப் பள்ளியின் ஆசிரியர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? மேடை போட்டுச் சால்வையும் ஷீல்டுமா, ஆளுக்கொரு கடிதமும் விடுதிக்கு நன்கொடையுமா?

விழா என்றால் எல்லோரும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மலையேறுவதே பாதி சந்தோஷம். ஆனால் போன தடவை கணக்கு வாத்தியார் பீரோவைத் திறந்து காட்டினார்: பதினேழு சால்வை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். "எந்தக் குளிருக்குப்பா இது தாங்கும்?" என்று சிரித்தார். 2,100 மீட்டர் உயரத்தில், டிசம்பர் ராத்திரியில் ஜரிகைத் துணி எதற்கு ஆகும்!

கடிதம் அப்படியில்லை. ராத்திரி டார்ச்சோடு வந்து, நாங்கள் உதைத்துத் தள்ளிய கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்ட வார்டனம்மாவைப் பற்றி மேடையில் யார் பேசப்போகிறார்கள்? அறங்காவலர்கள் நிலைமையும் அதுதான். குழாய் உடைந்தாலும், மண் சரிந்து பால்வண்டி நின்றாலும் முதல் போன் அவர்களுக்கு. படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர்கள் பெயரே தெரியாது.

நன்கொடை தருபவர்கள் கவனிக்க: பழைய வருமான வரி முறையில் நன்கொடைக்கான வரிச் சலுகை கேட்பதானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. கம்பளியாக வாங்கிக் கொடுத்தால் சலுகையே கிடையாது. வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள்.

என் ஓட்டு கடிதத்துக்கு. வார்டனம்மாவுக்கு எழுத உட்கார்ந்து மூன்று நாளாச்சு. "அன்புள்ள அம்மா" என்பதோடு நிற்கிறது.